வைரஸ் புகுந்த செல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அந்தக் கணக்குக்கு அடி போட்ட சென்னை மருத்துவ மாணவர் சுப்பாராவ் யார்?

திருக்கோவிலூர் பக்கம், தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஊர்களில் கொசுவால் வரும் இரண்டு நோய்களைப் பெரியவங்களுக்கு நல்லாவே தெரியும். ஒண்ணு யானைக்கால். இன்னொண்ணு, பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இரண்டையும் பரப்புவது க்யூலெக்ஸ் கொசுக்கள்தான். யானைக்கால் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பெருகும். மூளைக்காய்ச்சல் கொசு நெல் வயல் தண்ணீரில் பெருகும்.

யானைக்காலுக்குக் காரணம் ஒரு புழு. அதுக்கு மாத்திரை இருக்கு. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ். வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு, ஆனால் உள்ளே புகுந்த வைரஸைக் கொல்ல இன்றுவரை மருந்து கிடையாது. உடம்பில் உள்ள செல்கள்தான் தாங்களே போராட வேண்டும்.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரே மனிதர் வருகிறார். சென்னையில் மருத்துவம் படித்து, அமெரிக்கா போய், திரும்பி வராமலேயே 1948-ல் இறந்துபோன எல்லாப்ரகட சுப்பாராவ். யானைக்கால் மாத்திரை அவர் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவானது. வைரஸை எதிர்க்க செல் செலவழிக்கும் ஏடிபி என்ற சரக்கைக் கண்டுபிடித்தவர்களிலும் அவர் ஒருவர்.

மூணாவது தடவைதான் பாஸ்

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரத்தில். இன்றைக்கு ஆந்திரா, அன்றைக்கு சென்னை மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் பணக் கஷ்டம். சின்ன வயசில் காசிக்கு ஓடிப்போய், யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று கிளம்பிய பையன் அவர். அம்மா வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து படிப்பில் உட்கார வைத்தார்.

படிப்பும் ஒண்ணும் சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடும் ஆசை. அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னால் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கைகொடுத்தார்கள்.

அது காந்தியின் காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், கடைசியில் கையில் கிடைத்தது எம்பிபிஎஸ் இல்லை, அதைவிடக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலைதான் அமைந்தது.

அதற்குள் வீட்டில் பெரிய இடி. குறுகிய இடைவெளியில் அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்துபோனார்கள். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, ஆள் உருகிப்போவது என்று போகும் நோய் அது. சுப்பாராவுக்கும் வந்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தில் பிழைத்தார். படித்த டாக்டராக இருந்தும் அண்ணன் தம்பியைக் காப்பாற்ற வழி தெரியாத நிலை. அமெரிக்கா போய் வெப்பமண்டல நோய்களைப் படிப்பது என்று முடிவெடுத்தார்.

மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பமாக இருந்தார். சில வருஷத்தில் திரும்பி விடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவியும் மாமனார் பணமும் சேர்ந்து கப்பல் டிக்கெட் ஆனது. 1922 அக்டோபர் 26, பாஸ்டன் நகரில் இறங்கினார்.

நீல நிறத்தில் ஒரு கணக்கு

ஹார்வர்டில் இடம் கிடைத்தது. சோற்றுக்கு வழி வேண்டுமே? பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஊழியர் வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவுவது உட்பட எல்லா வேலையும் பார்த்தார். பகலில் படிப்பு. வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ முடிந்ததும், உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேவிடம் போய்ச் சேர்ந்தார்.

ஃபிஸ்கே கொடுத்த வேலை, கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமானது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளக்க ஒரு முறை வேண்டும். இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறை 1925-ல் வெளியானது. மாதிரியில் உள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட்டுடன் சேர விட வேண்டும். அதில் இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் பல தலைமுறையாக இதைப் பயன்படுத்தின. உயிர்வேதியியல் படித்த பலர், ஆள் யார் என்று தெரியாமலேயே அந்தப் பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

பாஸ்பேட்டை எண்ணத் தெரிந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. தசையை எடுத்து அளந்தபோது கணக்கு இடித்தது. நிறம் உடனே வராமல், நேரம் போகப் போக ஏறிக்கொண்டே வந்தது. ஏதோ ஒரு பொருள் உடைந்து, மெதுவாகப் பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று அர்த்தம். பலர் அதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர்கள் ஒதுக்கவில்லை. தேடிப் பிடித்தபோது கிடைத்ததுதான் பாஸ்போகிரியாட்டின், 1927-ல்.

தசை இயங்க லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கை அப்போது செல்வாக்காக இருந்தது. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் ஏ.வி.ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு போயிருந்தது. பாஸ்போகிரியாட்டின் வந்ததும் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. தசைக்கு உடனடிச் சக்தி பாஸ்பேட்டிலிருந்துதான் வருகிறது.

1929-ல் அடுத்தது. அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக இதைக் கண்டுபிடித்து முந்திக்கொண்டார். அதனால் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் லோமான் பெயர்தான் முதலில் வரும். பெயர் வரிசை எப்படி இருந்தாலும், செல்லுக்குள் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி ஏடிபியை நம்பித்தான் ஓடுகிறது. மூன்று பாஸ்பேட்டுகளை ஒரு வாலாகக் கோத்த மூலக்கூறு அது. கடைசிப் பாஸ்பேட் கழன்றால் வேலைக்குச் சக்தி. திரும்ப மாட்டினால் ரீசார்ஜ். ஒரே நாளில் நம்ம உடம்பு இப்படிச் சுழற்றும் ஏடிபியின் மொத்த எடை, கிட்டத்தட்ட நம்ம உடல் எடைக்கே சமம் என்கிறது ஒரு கணக்கு.

சரி, வைரஸ் வந்தா என்ன ஆகும்?

சுப்பாராவ் வைரஸ் ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்த பாஸ்பேட்தான் இந்த இடத்தில் ஹீரோ.

வயல் கொசு ஒரு குழந்தையைக் கடிக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைகிறது. வைரஸுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. செல்லின் இயந்திரத்தை, செல்லின் மூலப்பொருளை, செல்லின் ஏடிபியை எடுத்துத்தான் தன் நகல்களை அச்சடிக்க வேண்டும். அப்படி நகல் எடுக்கும்போது ஒரு தடயத்தை விட்டுவிடுகிறது. இரண்டு இழைகளாகப் பின்னிய நீளமான ஆர்என்ஏ. ஆரோக்கியமான செல்லில் இந்த மாதிரி நீள இரட்டை இழை ஆர்என்ஏ புழங்குவது அபூர்வம்.

அதை மோப்பம் பிடிக்கவே செல்லுக்குள் காவலாளிகள் உண்டு. முக்கியமானது பிகேஆர் என்கிற புரதம். இரட்டை இழை ஆர்என்ஏவைத் தொட்டதும் பிகேஆர் விழித்துக்கொள்ளும். ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து முதலில் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்னொரு பாஸ்பேட்டை எடுத்து, இஐஎஃப்2 என்ற புரதத்தில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் ஒட்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு பாஸ்பேட் ஒட்டியதும் செல்லின் புரத உற்பத்தி பெருமளவு நின்றுவிடும். மெயின் சுவிட்சை ஆஃப் செய்த மாதிரி. வைரஸுக்கும் புரதம் கிடையாது, செல்லுக்கும் கிடையாது.

தன் வீட்டு அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டுத் திருடனைப் பட்டினி போடும் உத்தி இது. பாதியில் நின்ற ஆர்என்ஏ செய்திகளை செல் தூக்கி எறிவதில்லை. சின்னச் சின்னக் குவியல்களாக ஓரம்கட்டி வைக்கும். ஆபத்து போனதும் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு, ஓரம்கட்டியதை எடுத்து வேலையைத் தொடரும். வைரஸுக்கு மட்டும் இல்லை, அமினோ அமிலப் பற்றாக்குறை, புரதங்கள் சரியாக மடியாமல் தேங்குவது போன்ற வேறு நெருக்கடிகளுக்கும் இதே சுவிட்ச்தான். ஆஃப் செய்யும் கைகள் மட்டும் வேறு வேறு. பிகேஆரையும் சேர்த்து நாலு காவலாளிகள் இந்த ஒரே சுவிட்சைக் காவல் காக்கிறார்கள்.

இன்னொரு காவலாளி இதைவிட சுவாரஸ்யம். இந்தப் புரதத்துக்கு ஏடிபி என்பது வெறும் எரிபொருள் இல்லை, மூலப்பொருளே அதுதான். இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்ததும் ஏடிபிகளை ஒன்றோடொன்று வழக்கத்துக்கு மாறான விதத்தில் கோத்து ஒரு சிறு சங்கிலி செய்யும். அந்தச் சங்கிலி போய், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெட்டும் நொதியை எழுப்பும். அது கண்ணில் படும் ஆர்என்ஏவை எல்லாம் நறுக்கித் தள்ளும். அதாவது, சுப்பாராவ் தசையிலிருந்து பிரித்தெடுத்த அதே மூலக்கூறுதான் இங்கே அபாயச் செய்தியாக மாறுகிறது.

மூன்றாவது வேலை, அக்கம்பக்கத்துக்குத் தண்டோரா போடுவது. பாதிக்கப்பட்ட செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்பும். பக்கத்து செல்கள் அதைப் பெற்றதும் மேலே சொன்ன காவலாளிகளை எண்ணிக்கையில் பெருக்கி வைத்துக்கொள்ளும். வைரஸ் வரும்போது வீடு தயாராக இருக்கும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மானும் இதைக் கண்டுபிடித்தார்கள். காய்ச்சலில் உடம்பு முறுக்கி எடுப்பதற்கும் அசதிக்கும் இந்த இன்டர்ஃபெரானும் ஒரு காரணம். வைரஸ் மட்டும் நம்மைப் படுக்க வைப்பதில்லை.

செல்லால் முடியவில்லை என்றால்? தற்கொலை செய்துகொள்ளும். வைரஸ் வெளியே போகும் முன் தன்னையே ஒழுங்காக மடித்துச் சுருட்டிக்கொள்ளும் சாவு அது. அதற்கும் ஏடிபி வேண்டும் என்பதுதான் விசித்திரம். கையிருப்பு சுத்தமாகத் தீர்ந்துபோன செல்லால் அப்படி ஒழுங்காகச் சாக முடியாது, வெடித்துச் சிதறும். சிதறும்போது உள்ளே இருந்த ஏடிபி வெளியே கொட்டும். சாதாரணமாக செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே ஏடிபி பல ஆயிரம் மடங்கு குறைவு. அதனால் வெளியே திடீரென ஏடிபி தென்பட்டாலே நோய் எதிர்ப்பு செல்களுக்குத் தெரிந்துவிடும், எங்கோ உடைப்பு எடுத்திருக்கு என்று. வீக்கம் கிளம்பும். மூளையில் அந்த வீக்கம் அளவு மீறினால் வைரஸைவிட அதுவே பெரிய ஆபத்து.

வைரஸும் சும்மா இருக்குமா? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் ஒரு புரதம் பிகேஆர் மேலேயே போய் ஒட்டி, சுவிட்சை ஆஃப் செய்ய விடாமல் தடுக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் வேறு வழி பிடிக்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற செல்லின் ஆளையே கூட்டி வருகிறது. அம்மை வைரஸின் குடும்பத்தில் உள்ள வாக்ஸினியா, இரட்டை இழை ஆர்என்ஏவை மூடி மறைப்பதோடு, பிகேஆரை ஏமாற்றப் போலி இஐஎஃப்2 ஒன்றையும் காட்டுகிறது. ஒரு பாஸ்பேட்டுக்காக இத்தனை போட்டி.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்த மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. மற்றவர்கள் உடம்பில், செல்கள் முதல் நாட்களில் நடத்தும் இந்தப் போராட்டமும் பின்னால் வரும் ஆன்டிபாடிகளும் சேர்ந்து வைரஸை அடக்கிவிடுகின்றன. வந்த தடயமே தெரியாது.

ஹார்வர்டு கொடுக்காத இடம்

மறுபடி பாஸ்டனுக்கு வருவோம். இவ்வளவு கண்டுபிடித்த மனிதருக்கு ஹார்வர்டு என்ன கொடுத்தது? 1930-ல் பிஎச்டி கொடுத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. ஏடிபி, பாஸ்போகிரியாட்டின் ஆய்வுகளில் தன் பங்கைவிட ஃபிஸ்கேயின் பங்கே பெரிது என்று சுப்பாராவ் விட்டுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். மேலதிகாரியின் வேலை போய்விடக் கூடாது என்ற எண்ணம். அது பெருந்தன்மைதான். ஆனால் விலை அதிகம். அதே துறையில் மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொன்னார்: சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்கே வெளியே வர விடாததால், பல ஆண்டுகள் கழித்து வேறு ஆட்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இந்த ஹிட்சிங்ஸ் யார் தெரியுமா? 1988-ல் கெர்ட்ரூட் எலியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எலியனின் குழுவில்தான் ஹெர்பிஸ், அக்கி நோய்களுக்கு இன்றும் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்து முழுமை பெற்றது. அது வேலை செய்யும் விதத்திலும் பாஸ்பேட்தான். மருந்து முதலில் சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில், வைரஸின் நொதியே அதன் மேல் முதல் பாஸ்பேட்டை ஒட்டும். செல்லின் நொதிகள் மீதி இரண்டை ஒட்டும். மூன்றும் சேர்ந்ததும் மருந்து விழித்து வைரஸின் நகல் வேலையை நிறுத்தும். வைரஸ் இல்லாத செல்லில் மருந்து பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாகாணம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே இருந்தது எட்டே வருஷம். அந்த எட்டு வருஷத்தில் நடந்ததைப் பட்டியல் போட்டால் ஒரு மனிதனின் கணக்கு மாதிரியே தெரியாது.

முதலில் ஃபோலிக் அமிலம். பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணித் தொழிலாளிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாறில் சரியாவதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவனித்திருந்தார். அந்தச் சாறில் உள்ள சத்து எது என்று யாருக்கும் தெரியவில்லை. சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருப்பது இதுதான்.

அடுத்து, அதே ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு போலி. செல் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. கிட்டத்தட்ட அதே உருவத்தில் வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தால், கண்டபடி பெருகும் புற்றுநோய் செல் ஏமாந்து நிற்கும். லெடர்லே தயாரித்த அமினோப்டெரினை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-ல் வெளியான முடிவில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் பலித்ததில்லை. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

பிறகு ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் என்ற ஓய்வுபெற்ற தாவரவியலாளரை லெடர்லேவில் மண் மாதிரிகளை ஆராய வைத்தார்கள். அதில் கிடைத்தது டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாடிக். 1948-ல் அறிவிக்கப்பட்டது.

இப்போது ஸ்ப்ரூவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்க. சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன அந்தக் குடல் நோய்க்கு, மருத்துவ உலகம் பின்னால் கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். இரண்டுமே அவர் தலைமையில் வெளிவந்த வரிசை.

திருக்கோவிலூருக்கு வந்த மாத்திரை

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழுத் தொற்று வந்தது. அதற்கு மருந்து தேடும் வேலை லெடர்லேக்கு வந்தது. கிடைத்தது ஹெட்ராசான், வேதிப்பெயர் டைஎதில்கார்பமசின். சுருக்கமாக டிஇசி. 1947-ல் வெளியானது. இந்த மருந்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சோதனைக் குழாயில் குட்டிப் புழுக்களின் மேல் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உடம்புக்குள் போனால், நம்ம எதிர்ப்பு சக்தியின் துணையோடு அவற்றைத் தீர்த்துக்கட்டும்.

யானைக்கால் ஒழிப்பில் திருக்கோவிலூர் வட்டாரத்துக்கு உலக அளவில் ஒரு இடம் இருக்கிறது, அது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. மதுரையில் இயங்கிய ஐசிஎம்ஆரின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இங்குள்ள கிராமங்களில் நீண்ட ஆய்வு நடத்தியது. அப்போது இது விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்கள் ஒரு பக்கம். மாத்திரையோடு கொசு ஒழிப்பும் சேர்த்த ஊர்கள் இன்னொரு பக்கம். கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டித் தண்ணீர்ப் பரப்பை மூடினார்கள், கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். கொசு ஒழிப்பும் சேர்ந்த ஊர்களில்தான் பலன் நீடித்து நின்றது. 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், திருக்கோவிலூர் என்ற பெயர் தலைப்பிலேயே வர, இந்த முடிவு வெளியானது. அந்த ஊர்களில் விழுங்கப்பட்ட டிஇசி, பேர்ல் ரிவரில் பிறந்த அதே மருந்து.

53 வயசில்

சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. இந்தியாவுக்கும் திரும்பவில்லை. சேஷகிரிக்குப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான். அப்பா அவனைப் பார்த்ததே இல்லை. இந்த ஆராய்ச்சி முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. கணவனும் மனைவியும் 1922-க்குப் பிறகு சந்திக்கவே இல்லை. ஃபோலிக் அமிலமும் டிஇசியும் எத்தனை லட்சம் வீடுகளுக்குப் போயிருந்தாலும், அந்த ஒரு வீட்டின் கணக்கு தனிதான். அதை எந்த மருந்தோடும் கழித்துக்கொள்ள முடியாது.

1948 ஆகஸ்ட்டில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53. பேட்டி, விளம்பரம், காப்புரிமையில் தன் பெயர் என்று எதிலும் ஆர்வம் காட்டாதவர் என்பதால் செய்தியும் பெரிதாக வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்திய அஞ்சல் துறை நூற்றாண்டை ஒட்டி 1995-ல் அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தபோது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வைரஸ் வந்தால் செல் புரத உற்பத்தியை நிறுத்துவது பாஸ்பேட் ஒட்டித்தான் என்பதெல்லாம் தெளிவாகத் தொடங்கியது 1970-களில். தசையில் கணக்கு இடித்தபோது துரத்திக்கொண்டு போன அந்தப் பாஸ்பேட், செல்லின் அபாயச் சங்கிலி வரைக்கும் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மூளைக்காய்ச்சலுக்கு இப்போ என்ன நிலை?

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது வேலூர் பகுதியில், 1955-ல். வைரஸை நேராகக் கொல்ல மருந்து இல்லாததால், தாக்கப்பட்ட மூளை செல்களைக் காப்பாற்றலாமா என்ற கோணத்திலும் முயற்சி நடந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட மருந்து மினோசைக்ளின். ஆரியோமைசின் குடும்பத்தில் பின்னால் வந்தது, அதுவும் லெடர்லேவில்தான். பாக்டீரியாவைக் கொல்வதோடு, மூளையில் வீக்கத்தையும் செல் சாவையும் இது குறைக்கிறது. ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், வைரஸ் ஏற்றிய எலிகளை இது காப்பாற்றியது. பிறகு லக்னோவில் மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடம் சோதித்தார்கள். கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது, ஆனால் மருந்துதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் கிடைக்கவில்லை.

அதனால் இன்றைக்கு இருக்கும் உறுதியான பாதுகாப்பு, கொசுக்கடி தவிர்ப்பதும் தடுப்பூசியும்தான். நோய் பாதிப்புள்ள மாவட்டங்களில் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இலவசமாக இருக்கிறது. முதல் தவணை குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். தடுப்பூசி அட்டையில் ஜேஇ என்று போட்டிருக்கும் கட்டம் அதுதான்.